வீட்டுப் பாடமும் வீட்டு நாயும்

கல்வி என்பது பள்ளிக்கூடத்து மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடிந்துவிடும் ஒன்றன்று என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், மாலை மணி அடித்தபின் மாணாக்கன் வீட்டிலே என் செய்கின்றான், யாரோடு பேசுகின்றான், எதைப்பற்றிப் பேசுகின்றான் என்று உசாவுவார் நம்முள் மிகச் சிலரே. உசாவுவாரும், "வீட்டுப் பாடம் முடிந்ததா?" என்னும் ஒரே வினாவோடு அமைந்துவிடுகின்றனர். முடிந்தது என்று பிள்ளை சொல்லின் மகிழ்ச்சி. முடியவில்லை என்று சொல்லின் சினம். அவ்வளவே. பிள்ளைகள் தம்முள் நட்பாக அளவளாவும் பேச்சு, நேரில் நிகழினும் கைப்பேசி வாயிலாக நிகழினும், வீட்டுப் பாடத்திற்குப் பெருந்துணை என்பதையும், அப்பேச்சினிடையே வீட்டு நாயும் பூனையும் புறாவும் வந்து புகுவது கல்விக்கு ஒரு பேறு என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இக்கருத்து எமக்குத் தொடக்கத்திலேயே இருந்ததென்று சொல்ல இயலாது. சில காலத்திற்கு முன்வரை யாமும் இதற்கு நேர்மாறாகவே எண்ணியிருந்தோம். எம் எண்ணத்தை மாற்றியவர் இரண்டு சிறு பெண்களும் ஒரு நாயும் ஆவர். ஆதலின் அவர்தம் வரலாற்றை முதற்கண் கூறுதல் முறையாகும்.

சென்னையின் வடபால், கடலை ஒட்டி இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீண்டு செல்லும் நிலப்பகுதியை நம் கலாசாலை மாணவர் பலர் நன்கறிவர். சிலர்க்கு அது பிறந்த மண். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி புறப்பட்டது இராயபுரம் நிலையத்திலிருந்தே. பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் உள்ளது. எல்லா உயிரிடத்தும் இரக்கம் வேண்டுமென்று பிற்காலத்தில் உலகிற்கு உணர்த்திய வள்ளலார், ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் வழிபட்டு வந்த கோயிலும் திருவொற்றியூர்க் கோயிலேயாம். இத்தகைய பெருமைகளோடு, இன்று அப்பகுதி துறைமுகங்களையும் ஆலைகளையும் மின் நிலையங்களையும் சுமந்து நிற்கின்றது. சரக்குப் பெட்டி ஏற்றிய வண்டிகளின் நீண்ட வரிசை அங்கே இரவும் பகலும் காணக்கூடிய காட்சி.

அங்குள்ள ஒரு சிறுவனின் மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். தந்தை விசைப்படகில் கடலுக்குச் சென்றிருப்பார். அல்லது சரக்குக் கிடங்கில் இரவு வேலைக்குப் புறப்பட்டிருப்பார். தாய் மீன் கூடையோடு தெருத்தெருவாகச் சென்று வீடு திரும்ப எட்டு மணியாகும். பாட்டிக்கு எழுத்து வாசனை இல்லை. ஒற்றை அறையில் தொலைக்காட்சி ஒருபுறம், அடுப்பு ஒருபுறம். இந்நிலையில், பின்னம், விகிதம், வினைமுற்று, எச்சம் முதலியவற்றில் ஐயம் தோன்றினால் அவன் யாரைக் கேட்பான்? வீட்டுப் பாடம் என்னும் ஏற்பாடு, வீட்டிலே கற்றறிந்தார் ஒருவர் உண்டென்னும் நினைப்பின்மேல் எழுப்பப்பட்டது. அந்நினைப்புப் பொய்யாகும் வீடுகளில், ஐயத்திற்கு விடை தருவோர் அவன் ஒத்த வயதினரே.

இனி எம் கதைக்கு வருவோம். காசிமேட்டில் எமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் ஏழாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி உண்டு. அவளுடைய உயிர்த்தோழியின் குடும்பம், நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்தில் எட்டடுக்கு மனையொன்றில் குடியமர்த்தப்பட்டது. தட்டுமுட்டுப் பொருள்களெல்லாம் வண்டியேறின. மணி என்னும் பெயருடைய நாய் மட்டும் ஏறவில்லை. மாடி வீட்டில் நாயை வைத்துக் காப்பது அரிதென்று பெரியவர்கள் முடிவு செய்தனர். ஆகவே மணி, காசிமேட்டுத் தோழியின் பொறுப்பில் விடப்பட்டது.

அன்று முதல் ஒவ்வோர் இரவும், தாய் வீடு திரும்பிக் கைப்பேசி கைக்கு வந்தவுடன், இருவரும் பேசத் தொடங்கினர். "நாளும் அரை மணி நேரம் நாயைப்பற்றியே பேச்சு, படிப்புக் கெடுகிறது, நீங்கள் சொன்னால் கேட்பாள் சார்" என்று அச்சிறுமியின் தாய் எம்மிடம் முறையிட்டார். யாமும் முன்பின் ஆராயாது, கைப்பேசியை வாங்கி வைத்துவிடுமாறு கூறிவிட்டோம். அது எம் பிழையே. ஆராயாது தீர்ப்புச் சொல்லுதல் கற்றவர்க்கு அழகன்று என்று பிறர்க்கெல்லாம் கூறிவந்த யாமே அதனைச் செய்தோம்.

மறுநாள் மாலை அச்சிறுமி எம்மைத் தேடி வந்து, "சார், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பேச விடுங்கள், கணக்குப் பாதியில் நிற்கிறது" என்றாள். என்ன கணக்கு என்று கேட்டோம். மணிக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டுமாம். 10 கிலோகிராம் எடைக்கு ஒரு மாத்திரை என்று உறையின்மேல் அச்சிட்டிருந்ததாம். மணியின் எடையை அறிவது எப்படி? மீன் கூடை நிறுக்கும் மேடைத் தராசில் நாய் நில்லாது. ஆகவே சிறுமி நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள், 46 கிலோகிராம். பின்னர்த் தனியே ஏறினாள், 34. கழித்தால் 12. அப்படியாயின் மாத்திரை எத்தனை? பெரும்பாக்கத்துத் தோழி, ஒன்றேகால் என்றாள். இவளோ, ஒன்றும் ஐந்தில் ஒரு பங்கும் என்றாள். இருவருக்கும் வழக்கு நேர்ந்தது. கால் பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்பதில் வந்து நின்றது அப்பேச்சு. அந்நிலையிலேதான் கைப்பேசி பறிக்கப்பட்டது!

யாம் நாணித் தலைகுனிந்தோம். அன்றிரவு கைப்பேசியைக் கொடுக்கச் செய்து அருகிலிருந்து கேட்டோம். நான்கு பங்கு செய்த மாத்திரையின் ஒரு துண்டு பெரிதா, ஐந்து பங்கு செய்ததன் ஒரு துண்டு பெரிதா என்று ஒருத்தி கேட்க, மற்றவள் சற்றே எண்ணி, "பங்கு கூடினால் துண்டு சிறுக்கும், அப்படியென்றால் நீ சொன்னதுதான் கணக்குக்குச் சரி" என்று ஒப்புக்கொண்டாள். அவர்கள் பாடநூலில் நேர் விகிதம், எதிர் விகிதம் என்று தலைப்பிட்டு ஓர் அதிகாரம் உண்டு. எடை கூடினால் மருந்து கூடும். அது நேர் விகிதம். பங்கு கூடினால் துண்டு சிறுக்கும். அது எதிர் விகிதம். அவ்வதிகாரம் முழுவதையும் ஒரு நாயும் ஒரு மாத்திரையும் பத்து நிமிடத்தில் விளங்கவைத்தன. மறுநாள் கால்நடை மருத்துவரை நாடிக் கேட்டபோது, ஐந்தில் ஒன்றாக வெட்டுவது எளிதன்று, ஒன்றேகாலே கொடுக்கலாம் என்றார். கணக்கில் ஒருத்தியும் நடைமுறையில் மற்றொருத்தியும் வென்றனர்.

இந்நிகழ்ச்சி புதிதென்று நினைத்தோம். ஆராயுங்கால், இது நம் நாட்டிற்கு மிகப் பழையதென்று தெளிந்தோம். திண்ணைப் பள்ளியிலே மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்தறிவித்த வழக்கத்தை நம் முன்னோர் அறிவர். 1789ஆம் ஆண்டில் எழும்பூரிலிருந்த படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் தலைமையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். உபாத்தியாயர்கள் இசையவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் கற்பித்த பிள்ளைகள் நன்கு தேறினர். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலால் அம்முறை சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காத்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் காலேஜ் என்றே வழங்குகின்றது. சென்னைத் தெருமணலில் தோன்றிய பழக்கம் கடல் கடந்து சென்று நம் நகரின் பெயரை அங்கே நிலைநாட்டியிருக்க, அதே சென்னையில் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வதை நாம் வீண்பேச்சு என்று கடிவது விந்தையன்றோ?

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. பெல் வகுத்த முறையில் ஒப்புவித்தலே மிகுதி; வினவுதல் குறைவு. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் கையிலும் பிரம்பு இருந்ததுண்டு. கட்டளையிட்டுக் கற்பிக்கும் மூத்தவனுக்கும், "எனக்கும் விளங்கவில்லை, சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்கும் தோழனுக்கும் நெடுந்தூரம். யாம் போற்றுவது பின்னையவனையே. தவறு செய்ய அஞ்சாத இடத்திலேதான் அறிவு தளிர்க்கும். உபாத்தியாயர்முன் "கால் பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா?" என்று கேட்க ஏழாம் வகுப்புச் சிறுமி நாணுவாள், தோழியிடம் கேட்க நாணாள்.

இனி, வீட்டுப் பாடத்தைக் குறித்துச் சில சொல்வோம். 2018ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் கொடுத்தலாகாது என்று ஆணையிட்டது. புத்தகப் பையின் சுமையைக் குறைக்கவும் அத்தீர்ப்பு வழி கூறியது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப் பாடம் வேண்டா என்றது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்திற்கு 2 மணி நேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 1 மணி நேரமும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 2 மணி நேரமுமே மேலெல்லையென வகுத்தது. அக்கொள்கையின் சிறப்பு அளவைக் குறைத்ததில் மட்டும் இல்லை. சிறு வகுப்புப் பிள்ளைகள் மாலையில் என்ன செய்தனர், என்ன உண்டனர், எவ்விளையாட்டு ஆடினர் என்பவற்றை வகுப்பிலே வாய்விட்டுச் சொல்லச் செய்க என்றும் அது அறிவுறுத்துகின்றது. பேச்சும் பாடமே என்று அரசினரே ஒப்பிய பின்னர், நாம் ஏன் அஞ்சுதல் வேண்டும்?

அளவைக் காட்டிலும் முதன்மையானது தன்மை. எண்ணூரில் வாழும் மாணாக்கன் ஒருவனுக்கு, "நீர் மாசுபாடு பற்றி ஐந்து வரி எழுதுக" என்று வீட்டுப் பாடம் தரப்படுகின்றது. அவன் துணைநூலைத் திறந்து ஐந்து வரியைப் பார்த்தெழுதி முடிக்கின்றான். ஆனால் 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, வாளிகளால் அள்ளியெடுத்த இளைஞர்களை அவன் வீட்டார் கண்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாப் பறவைகளின் வெண்சிறகில் கரிய எண்ணெய் படிந்திருந்ததை அவனே கண்டான். படகிலும் வலையிலும் அது ஒட்டியதைத் தொட்டறிந்தான். இறாலும் நண்டும் மடவையும் விற்காமற்போன துயரம் அவன் வீட்டுச் சோற்றுப் பானையில் தெரிந்தது. இவ்வளவும் அறிந்தவனை ஐந்து வரி பார்த்தெழுதச் சொல்வது அறிவுடைமையாகுமோ? "அன்று நீ கண்ட பறவையின் நிலையை அதனைக் காணாத தோழனுக்குச் சொல், அவன் கேட்கும் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். அவ்வீட்டுப் பாடத்தை எத்துணைநூலிலிருந்தும் எடுத்தெழுத இயலாது.

வளர்ப்புயிரைப்பற்றிய பேச்சிற்கும் இதே ஆற்றல் உண்டு. வடசென்னையின் மொட்டை மாடிகளில் புறாக்கூடுகளைக் காணாதார் இலர். பந்தயப் புறா வளர்க்கும் இளைஞன் ஒருவனோடு பேசிப் பாருங்கள். எப்புறா எத்தனை மணி நேரம் வானில் நின்றது, எத்தீனி கொடுத்தால் இறகு உறுதிப்படும், முட்டையிட்டுப் பதினெட்டாம் நாளளவில் குஞ்சு வெளிப்படுதல், ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தல் ஆகியவற்றை அவன் தடையின்றி உரைப்பான். பள்ளியிலே "படிப்பு ஏறாதவன்" என்று பெயர் வாங்கியவனும் அவனே. நோக்கல், அளத்தல், குறித்தல், ஒப்பிடல் என்பன அறிவியலின் நான்கு தூண்களாயின், அவை நான்கும் அவன் மாடியில் நிற்கின்றன. அவற்றைப் பள்ளியோடு இணைக்கும் பாலத்தையே நாம் இன்னும் கட்டவில்லை. 1900இல் எழுந்து 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் தீக்கிரையான மூர் மார்க்கெட்டிலே பழைய புத்தகக் கடைகளும் பறவை, மீன், நாய்க்குட்டி விற்கும் கடைகளும் ஒரே கூரையைச் சார்ந்திருந்தன என்பதை முதியோர் நினைவுகூர்வர். புத்தகம் வாங்க வந்தவன் கிளியைக் கண்டு நின்றான். மீன் வாங்க வந்தவன் புத்தகத்தைப் புரட்டினான். அச்சந்தை அறிந்திருந்த உறவை நம் பாடசாலை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இவ்வாறு நாம் கூறுங்கால், தடைகள் எழும் என்பதை அறிவோம். அவற்றுள் மூன்றை எடுத்து விடை கூறுவோம்.

முதலாவது, நெருக்கமான குடியிருப்பில் நாயும் பூனையும் நோயைக் கொணரும் என்பது. இதில் உண்மை உண்டு. வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக மிக அரிது. உரிய காலத்தில் தடுப்பூசி பெற்றால் அதனைத் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு ஜூலையில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனை அவ்வாறு காத்தார். 1907இல் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் தென்னாட்டு மக்களுக்கு அவ்வுதவியைக் கொணர்ந்தது. இன்று அரசினர் மருத்துவமனைகளில் அவ்வூசி இலவசமாகக் கிடைக்கின்றது. அவ்வாறிருந்தும் பிள்ளைகள் இறப்பதன் காரணங்களுள் ஒன்று, கடிபட்டதை அவர்கள் வீட்டில் சொல்லாமையே. சொன்னால் அடி விழும் என்னும் அச்சம் அவர்தம் நாவைக் கட்டிவிடுகின்றது.

இவ்விடத்தில் எம் கதையின் எஞ்சிய பகுதியைக் கூறுதல் வேண்டும். மாத்திரைக் கணக்கு நிகழ்ந்து இரண்டு திங்களுக்குப் பின், காசிமேட்டுச் சிறுமியின் காலில் தெருநாய் ஒன்று பல் பதித்தது, சிறு கீறலே. அவள் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவு தோழியிடம் மட்டும் சொன்னாள். மணிக்குத் தடுப்பூசி போட்ட நாளில், அவ்வூசி எதற்கு என்று இருவரும் கேட்டறிந்து பேசிக்கொண்டது தோழியின் நினைவில் இருந்தது. அவள் பதறவில்லை. "உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவு, நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, இணைப்பைத் துண்டிக்காமல் நேரம் பார்த்தாள். பின்னர், "இப்போது அம்மாவிடம் கைப்பேசியைக் கொடு" என்றாள். அன்றிரவே முதல் ஊசி போடப்பட்டது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்னும் முறைப்படி மற்றவையும் போடப்பட்டன. ஒவ்வொரு நாளையும் தவறாது நினைவூட்டியவள் பெரும்பாக்கத்துத் தோழியே. அக்கைப்பேசியைப் பறித்து வைக்கச் சொன்னவர் யாம். எம் சொல் நிலைத்திருந்தால் என் ஆகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் உள்ளம் நடுங்குகின்றது.

ஆகவே நோய்க்கு அஞ்சிப் பேச்சைத் தடுப்பதைக் காட்டிலும், பேச்சினுள்ளே நோயறிவைப் புகுத்துதலே தக்கது. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், தெருநாய்க்குக் கருத்தடை ஆகியவற்றைப் பிள்ளைகள் அறிதல் நலம். 1959இல் சென்னையில் தோன்றிய இந்திய நீலச் சிலுவைச் சங்கம், தெருநாய்களைக் கொல்லாது கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் முறையை 1964 முதலே முயன்று வந்தது. 2025இல் உச்சநீதிமன்றம்வரை சென்ற தெருநாய் வழக்கில் நாடே இரு கூறாக நின்று வாதிட்டது. அவ்வாதத்தைச் சினமின்றி ஆராயக்கூடிய தலைமுறை நமக்கு வேண்டுமாயின், அஃது இன்றைய ஏழாம் வகுப்பிலிருந்தே வரல் வேண்டும். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் அடைத்து வளர்த்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் பிள்ளைகள் அப்பேச்சிலேயே அறிதல் நன்று. அன்பு என்பது அடைத்து வைத்தல் ஆகாது.

இரண்டாவது தடை, கைப்பேசியின் வழியே அயலார் வந்து புகுவர் என்பது. இதுவும் பொய்யன்று. முகமறியாதவன் "தம்பி", "பாப்பா" என்று இனிக்கப் பேசி, நாய்க்குட்டியின் படத்தைக் காட்டிப் பிள்ளையின் நம்பிக்கையைக் கவர்தல் எளிது. ஆகவே, தாம் நேரில் அறிந்தாரோடு மட்டும் பேசுதல், பேச்சை வீட்டாரிடம் மறைக்காதிருத்தல், வீட்டு முகவரியும் படமும் அயலார்க்கு அனுப்பாமை, தொல்லை நேரின் 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழைத்தல் ஆகிய நான்கையும் பிள்ளைகளுக்குப் பழக்குதல் பெற்றோர் கடன். கதவுக்குத் தாழ் வேண்டும் என்பது உண்மையே. தாழ் வேண்டுமென்பதற்காகக் கதவையே சுவராக்குதல் தகாது.

மூன்றாவது தடை, பிள்ளைகள் பேச்சென்னும் பெயரால் விடையைப் பரிமாறிக்கொள்வர் என்பது. 2020 மார்ச் முதல் பள்ளிகள் பூட்டப்பட்டிருந்த நெடுங்காலத்தில், ஒருவன் எழுதிய விடைத்தாளின் படம் நாற்பது பேர்க்குச் சென்றதை உபாத்தியாயர்கள் அறிவர். 2022 நவம்பர் முதலோ, கேட்டவுடன் கட்டுரையும் கணக்கும் எழுதித் தரும் இயந்திர அறிவு எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. இனி விடையை மட்டும் வேண்டும் வீட்டுப் பாடம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதனைத் தடுக்கும் காவலன் எவனும் இல்லை. ஆயின், இதுவே எம் கொள்கைக்கு வலிமை சேர்க்கின்றது. இயந்திரம் விடை தரும், "நீ ஏன் அப்படி நினைத்தாய்?" என்று உண்மையான ஆவலோடு கேட்டு, விடைக்காகக் காத்திருக்கும் தோழமையை அது தருவதில்லை. மணியின் வால் இன்று ஏன் தாழ்ந்திருக்கிறது என்று அதற்குத் தானாகத் தோன்றுவதில்லை. கவலைப்படுபவன் கேட்கும் கேள்விக்கும், கட்டளைப்படி எழும் விடைக்கும் உள்ள வேறுபாடே கல்விக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாடு.

இனிச் செய்யத்தக்கது யாது? உபாத்தியாயர்களாகிய அன்பர்கட்கு எம் வேண்டுகோள் இது: வாரத்தில் ஒரு நாளேனும், பார்த்தெழுத இயலாத வீட்டுப் பாடம் கொடுங்கள். வீட்டிலுள்ள உயிரையோ, வாயிலில் நிற்கும் மரத்தையோ, தாயின் தராசையோ முன்னிட்டு வினா எழுப்புங்கள். அதனைத் தோழனோடு பேசி வருமாறு சொல்லுங்கள். பேசியதன் அடையாளமாக விடையைக் கேளாதீர்கள். அவ்விருவர்க்கும் நேர்ந்த கருத்து வேறுபாட்டைக் கேளுங்கள்.

பெற்றோர்க்குச் சொல்வது: பிள்ளையின் பேச்சை நிறுத்துமுன் ஒரு நாள் அருகிருந்து கேளுங்கள். கேட்டபின் நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள்.

நம் கலாசாலை மாணவர்கட்கும் பழைய மாணவர்கட்கும் சொல்வதோ சற்று நீண்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை 5 மணி முதல் 7 மணி வரை தன்னார்வலர் தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் தெருவிலே பாயை விரித்து அமர்ந்தால் என்ன நிகழும் என்பதைத் தமிழ்நாடு அப்போது கண்டது. அவ்வனுபவத்தை நாம் நம் அளவில் மேற்கொள்ளலாகாதா? திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் வாழும் நம் மாணவர், வாரத்திற்கு இரண்டு மாலை, தத்தம் தெருவில் ஐந்து பிள்ளைகளோடு அமர்வாராக. பொருட்செலவு சிறிதும் இல்லை. மூன்று நெறிகள் போதும். முதலில் பிள்ளையின் நாயையோ பூனையையோ நலம் கேட்டல். அடுத்து, ஐயத்திற்கு விடை கூறாது வேறொரு வினாவால் வழிகாட்டல். இறுதியில், ஒரு பிள்ளைக்கு விளங்கியதை மற்றொரு பிள்ளைக்கு அப்பிள்ளையையே விளக்கச் செய்தல். ஊர் விட்டுப் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளை அவர்தம் பழைய தோழரோடு கைப்பேசி வாயிலாக அவ்வமர்வில் சேர்த்துக்கொள்ளலும் ஆகும். வீடு மாறியதால் நட்பும் படிப்பும் ஒருங்கே அறுபட்ட பிள்ளைகள் பலர். அறுந்ததை முடிவது நம் கையில் உள்ளது.

பழைய மாணவர் சிலர், இது சிறு செயல் என்று எண்ணலாம். பெரிய கட்டடமும் நன்கொடைப் பட்டியலும் இல்லாத செயல் மனத்தைக் கவர்வதில்லை. ஆயினும் எழும்பூர்ப் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்த அந்நாளும் சிறிய நாளாகவே தோன்றியிருக்கும்.

மணி இன்றும் காசிமேட்டில் நலமாக உள்ளது. விடுமுறை நாளில் பெரும்பாக்கத்துச் சிறுமி வந்தால், தெருமுனையிலேயே அவளை அடையாளம் கண்டு ஓடி வருகின்றது. இருவரும் இவ்வாண்டு எட்டாம் வகுப்பில் பயில்கின்றனர். கணக்கில் முதன்மை பெற்றனர் என்று சொல்லி வாசகரை மகிழ்விக்க எமக்கு ஆசைதான், அவ்வாறு நிகழவில்லை. ஆயின், தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல இருவரும் அஞ்சுவதில்லை. எம்மிடமும் சென்ற வாரம் அவ்வாறே சொன்னார்கள். நம் கலாசாலையில் பட்டம் பெற்று வெளிச்செல்வார் அனைவர்க்கும் அத்துணிவு வாய்க்குமாக.